ஏழு சுற்று, அதுவும் சாய்வாக

பிப்ரவரி 4

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அண்ணியின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் புலம்ப ஆரம்பித்துவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? எக்ஸ்ரே அறையில் நாள் பூராவும் நின்று கால் வீங்குகிறது என்றாயே, குறைந்ததா? மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது?

"போன்ல ரெண்டு நிமிஷத்துல முடியற விஷயத்துக்கு எதுக்கு மூணு பக்கம்?" என்று உன் அண்ணி கேட்கிறாள். போனில் நீ "ம்" என்பாய், நான் "சரி" என்பேன், வைத்துவிடுவோம். நம் வீட்டு ஆட்களுக்குப் பேனா பிடித்தால்தான் வாய் திறக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கடை தயார். கீழே பேட், பந்து, கால் பேடு, க்ளவுஸ். மேலே ஷூவும் துணிமணியும். மாடிப்படி ஓரமாக நீளமான ஒரு சுவர் இருக்கிறது. அதில் பதினோரு கிரிக்கெட் ஜாம்பவான்களின் படத்தை மாட்டப்போகிறேன். யார் யார் என்று நான் முடிவு பண்ணவில்லை. கல்லாப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தேன், வருகிறவர்கள் சீட்டு எழுதிப் போடட்டும் என்று. ஒரு மாதத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது சீட்டு. அதில் அறுநூற்றுப் பன்னிரண்டு, நம்ம ராக்கெட்டுக்கு. அவன் பந்தை அடித்தால் எங்கே போய் விழும் என்று அவனுக்கே தெரியாது என்பார்கள், அந்த ராக்கெட்தான்.

ஜூன் பதினைந்தாம் தேதி கடையைத் திறந்துவைக்க அவனே வருகிறான். சும்மா வரவில்லை. அவன் பேரில் ஒரு கம்பெனி டேப் விற்கிறது, 'ராக்கெட் கட்டு' என்று. பேட் கைப்பிடியில் கீழ்க்கை பிடிக்கிற இடத்தில் சாய்வாக ஏழு சுற்று சுற்றுவார்களே, அதற்கான டேப். இந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அதன் ஏஜென்சியை எனக்கே தருவதாகச் சொல்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சுவரில் நடுவாக அவன் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் 'இந்தக் கட்டைக் கண்டுபிடித்தவர்' என்று ஒரு போர்டு.

போர்டு மாதிரியை மேசையில் விரித்துவைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் பேப்பர் படிக்க வருகிற ரிட்டையர்டு அம்பயர் அதைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். "யோவ், இவன் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கட்டை நான் பாத்திருக்கேன்யா!" என்றார்.

நீ நாட்டுக்காக ஒன்பது ஆட்டம் ஆடியவள். உன் காலத்தில் யாராவது இப்படிக் கட்டினார்களா? இன்னொன்று. ஏன் சாய்வு? நேராகச் சுற்றுவதுதான் சுலபம். ஆயிரக்கணக்கில் சுற்றிய கை இது, எனக்கே காரணம் தெரியவில்லை.

ராக்கெட் ஜாம்பவானா என்று அம்பயரோடு ஒரு மணி நேரம் சண்டை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆமாம் என்கிறார்கள். அதற்கு மேல் வேறு யார் வந்து சொல்லணும்? நீ சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் பரவாயில்லை. முக்காலி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்குச் சர்க்கரை அப்படியேதான். டாக்டர் சொன்னபடி நடக்கிறார், ஆனால் பேக்கரி வரைக்கும். அண்ணியைச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்கணும், இறங்கும்போது வலிக்கிற காலை.

கடை பற்றிப் படித்துச் சந்தோஷம். தார்ப்பாய் விரித்து விற்ற ஆளுக்கு இரண்டு மாடி!

யார் ஜாம்பவான் என்று என்னைக் கேட்டால் எப்படி? எங்கள் ஒன்பது ஆட்டத்துக்கும் வந்த மொத்தக் கூட்டத்தை உன் மாடிப்படியிலேயே உட்காரவைத்துவிடலாம். நான் உன்னை ஒன்று கேட்கிறேன். ஒரு ஆட்டக்காரர் ஓய்வு பெற்ற பிறகு, அவர் கையெழுத்துப் போட்ட பேட் உன் கடையில் எத்தனை வருஷம் விற்கும்? தோராயமாகச் சொல்லாதே. குடோனில் போய்ப் பார்த்துவிட்டு எழுது.

கட்டு நிறையப் பேர் கட்டினார்கள். முதலில் யார் என்று நான் கவனிக்கவில்லை. போர்டில் என்ன இருந்தால் என்ன, ஏஜென்சியை விடாதே.

இங்கே குளிர் குறையவில்லை. அங்கே எப்படி?
தங்கை

மார்ச் 8

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே குளிரெல்லாம் ஓடிவிட்டது, மின்விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. அண்ணி நீ சொன்னபடி காலை மாற்றி வைத்து ஏறுகிறாள். "உங்க தங்கச்சிக்கு இருக்கற அறிவு உங்களுக்கு இல்லை" என்று எனக்கு ஒரு குட்டு.

குடோனில் பார்த்தேன். நல்ல கேள்வி கேட்டாய், அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். அரை நாள் தூசியில் நின்றேன். விடை: மூன்று வருஷம். ராக்கெட்டுக்கு முன்னால் ஒருத்தர் இருந்தார், எல்லாரும் மகாராஜா என்பார்கள். அவர் ரோட்டில் நடந்தால் போக்குவரத்து நிற்கும். ஓய்வு பெற்ற வருஷம் அவர் பேட் கிடைக்காமல் கடை வாசலில் அடிதடி. அடுத்த வருஷம் பாதி. மூன்றாவது வருஷம் அப்பாக்கள் மட்டும் கேட்டார்கள். இப்போது எழுபத்திரண்டு பேட் அப்படியே கிடக்கிறது. உன்னிடம் மறைப்பானேன், தலைமுடி காயவைக்கிற மெஷினில் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்துவிட்டு வெறும் பேட்டாக விற்கப்போகிறேன். நல்ல மரம், பேர்தான் பழசாகிவிட்டது.

ஆனால் குடோனில் நிற்கும்போது இன்னொன்று தோன்றியது. ஒற்றை ஷட்டர் கடையாக இருந்த காலத்திலிருந்து, இருபத்தைந்து வருஷமாக ஆட்கள் வந்து "சாய்வா ஏழு சுத்து கட்டிக் குடுங்க" என்று கேட்கிறார்கள். இன்ன ஆள் கட்டு என்று ஒருத்தரும் பேர் சொன்னதில்லை. மகாராஜா போனார், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் போனார்கள், இந்தக் கட்டு மட்டும் போகவே இல்லை. இது என்ன விந்தை?

ஏன் சாய்வு என்று வருகிறவர்களை எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தர், கீழ்க்கை இறுகாமல் இருக்க என்றார். ஒருத்தர், வேர்வை வழிந்து ஓட என்றார். ஒரு விக்கெட் கீப்பர், "ஏழு ராசிண்ணே, எட்டு சுத்திடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். டேப் கம்பெனி ரெப், அதாவது அவர்கள் விற்பனை ஆள், ஒரு படமே கொண்டுவந்தான், மணிக்கட்டுக் கோணம், அம்புக்குறி எல்லாம் போட்டு. "விஞ்ஞானம் சார்!" என்கிறான்.

அம்பயர் மட்டும் ஒன்று சொன்னார். அவர் புதிதாக அம்பயராக நின்ற பெண்கள் மண்டல இறுதி ஆட்டத்தில்தான் அந்தக் கட்டை முதலில் பார்த்தாராம். "யாரு பேட் சார் அது?" என்றேன். "பேட் ஞாபகம் இருக்குய்யா. ஆளை மறந்துட்டேன்" என்கிறார். இப்படியும் ஒரு மனுஷன்!

மண்டல இறுதி என்றால் நீ அங்கே இருந்திருப்பாயே. யார் அந்தப் பெண்? யோசித்து எழுது. மாப்பிள்ளையைப் பேக்கரி இல்லாத தெருவில் நடக்கவை.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு கிடம்பு சரியில்லையா? கடிதம் போட்டு நாலு வாரம் ஆகப்போகிறது, பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

நீ எழுதாவிட்டால் என்ன, நான் விடுவேனா? சரக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆணிவேர் வரை பிடிக்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. ராக்கெட்டுக்குக் கட்டு கட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று விசாரித்தேன். அவனுடைய பள்ளிக்கூட கோச், ஒரு அம்மா. அவருக்குப் போன் போட்டேன். "எங்க காலேஜ் கேப்டன் கட்டுவாங்க, அதைப் பாத்து நான் கட்டினேன்" என்றார். அந்தக் கேப்டன் இப்போது ஒரு அச்சகம் நடத்துகிறார். அவரையும் பிடித்தேன். அவர் சொன்னார்: "மண்டல இறுதியில எதிர் டீம்ல ஒருத்தி தொண்ணூத்தி நாலு அடிச்சா. அவ பேட்ல அந்தக் கட்டு இருந்துச்சு. அடுத்த வாரமே எங்க டீம்ல பதினோரு பேரும் கட்டிட்டோம்."

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்றேன்.

"என்ன சார் வெளையாடறீங்க? உங்க தங்கச்சிதானே!" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசி. உன் அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இருபத்தஞ்சு வருஷமா உங்க வீட்டுக் கட்டைத்தான் ஊருக்கெல்லாம் கட்டிக்கிட்டு இருந்தீங்களா!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எழுந்திருக்கத்தான் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் பதினோராவது படம் உன்னுடையதுதான். பெட்டியில் பத்துப் பேருக்குத்தான் சொல்லிக்கொள்ளும்படி சீட்டு விழுந்திருக்கிறது, ஒரு இடம் காலிதான். கம்பெனி ரெப்பைக் கூப்பிட்டு, கட்டைக் கண்டுபிடித்தவர் என்று என் தங்கை பேரைப் போடணும் என்றேன். அவன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "சார், உங்க தங்கச்சி யாருக்குத் தெரியும்?"

ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது. அப்புறம்தான் உறைத்தது. பிப்ரவரியில் நான் உனக்கு எழுதியதும் அதேதானே? அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுக்கு மேல் யார் சொல்லணும் என்று?

போர்டை மாற்றினால் ஏஜென்சி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். போகட்டும், நான் பேசிக்கொள்கிறேன். நீ எனக்கு ஒன்றே ஒன்று எழுது. ஏன் சாய்வு? அதைச் சொன்னால் அவனுடைய அம்புக்குறிப் படத்தை மடக்கி அவன் சட்டைப் பையிலேயே வைத்துவிடுவேன். உன் விளையாட்டுக் காலப் போட்டோ ஒன்றும் அனுப்பு.

அண்ணன்

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் மெஷின் மாற்றினார்கள், வேலை அதிகம். அவர் பேக்கரி இல்லாத தெருவைக் கண்டுபிடித்தார்; அங்கே ஐஸ்கிரீம் கடை இருந்தது.

போட்டோ இல்லை. என் படம் சுவரில் வேண்டாம். ஏஜென்சியை என் பொருட்டு விடாதே, அதை நான் வேண்டிக் கேட்கிறேன். ராக்கெட் பேரைப் போட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் நன்றாக ஆடுகிறான். முந்தாநாள் கூடப் பார்த்தேன், அந்த மூன்றாவது சிக்ஸர் நிஜமாகவே அழகு.

கட்டு ஒன்றும் கண்டுபிடிப்பு இல்லை, அண்ணா. அவ்வளவுதான். அதைத் தோண்டாதே.

அண்ணியின் முழங்காலுக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.
தங்கை

மே 7

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணிக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. தேய்மானம்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று அரைப் பக்கம் எழுதுகிறவள் நீ. "தோண்டாதே" என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தினால் அடியில் என்னமோ இருக்கிறது.

ஒரு பேட்டை மடியில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். டேப்பைச் சாய்வாகச் சுற்றுவேன், பிரிப்பேன், சுற்றுவேன். உன் அண்ணி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். "என்ன பண்றீங்க?" என்றாள். "ஒரு மனுஷி எதுக்கு இப்படிக் கட்டுவான்னு யோசிக்கறேன்" என்றேன். அவள் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "எதுக்குக் கட்டுவாங்க? ஒடைஞ்சிருந்தா கட்டுவாங்க."

நான் அந்த டப்பாவைத் திரும்ப மூடி ஓரமாக வைத்தேன்.

தார்ப்பாய்க் காலத்தில் நான் முதன்முதலாக மொத்தமாக எடுத்த சரக்கில் பன்னிரண்டு பேட். ஒன்றில் கைப்பிடிக் கீழே விரிசல். சாய்வாக ஓடியது, விரல் நீளம். நான் ரப்பர் கிரிப்பை இழுத்து அதன் மேல் மூடினேன். வெளியாளுக்கு விற்றால் நாலாம் நாள் வந்து சண்டை போடுவான். தங்கச்சி வரமாட்டாள் என்று யோசித்தேன். "இந்தா, உனக்குன்னு தனியா எடுத்துவச்ச நல்ல பேட்" என்று கொடுத்தேன். இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியதும் ஞாபகம் இருக்கிறது. உன் ஆட்டம் ஒன்றைக்கூட நான் வந்து பார்க்கவில்லை. வியாபாரம் என்று சொல்லிக்கொண்டேன். பேட் உடைந்தால் அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நினைக்காமல் இருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியுமா?

அண்ணன்

மே 16

அன்புள்ள அண்ணனுக்கு,

தேய்மானம்தான் என்றதில் நிம்மதி. வாரம் மூன்று நாள் தண்ணீருக்குள் நடக்கச் சொல், நீச்சல் தெரியவேண்டியதில்லை.

தெரியும். மூன்றாம் நாளே தெரியும். பந்து பட்டால் கையில் ஒரு கூச்சம் ஓடியது. ரப்பரைச் சுருட்டிப் பார்த்தேன். கிரிப் மாட்டுகிற ஆளுக்கு அந்த விரிசல் கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. இரண்டு நாள் உன் மேல் கோபம். அப்புறம், அந்தப் பதினொன்றை விற்றுத்தான் டீம் தேர்வுக்குப் போக எனக்கு ரயில் டிக்கெட் எடுத்துக்கொடுத்தாய். எதை வைத்து உன்னோடு சண்டை போடுவது?

சரி, தோண்டிவிட்டாய், முழுசாகக் கேள். விரிசல் சாய்வாக ஓடியது, அதனால் அதற்கு எதிர்ச் சாய்வில் சுற்றினேன். இப்போது தினமும் எலும்பில் பார்க்கிற அதே கோடுதான். டீம் மருந்துப் பெட்டியில் பிளாஸ்திரி இருந்தது. ஏழு சுற்றோடு ரோல் தீர்ந்துவிட்டது. அதுதான் உன் விக்கெட் கீப்பரின் ராசி!

நான் தொண்ணூற்று நாலு அடித்ததும் எல்லாரும் பேட்டைப் பார்த்தார்கள். ஒரே வருஷத்தில் எந்த மைதானத்துக்குப் போனாலும் உடையாத பேட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. யாரிடமும் சொல்லவும் முடியாது, சொன்னால் உன் கடைப் பேர் போகும். இன்றைக்கும் அப்படித்தான். பேட் விற்கிற ஆள் விரிசலை மறைத்தான், அதுவும் கூடப்பிறந்தவளிடம் என்றால் யார் உன்னிடம் வாங்குவார்கள்? அதனால்தான் தோண்டாதே என்றேன்.

நீ முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். என்னைக் கேட்டால், நான் நேரில் பார்த்த ஜாம்பவான் ஒருத்திதான். எதிர் டீம் வேகப்பந்துக்காரி, நெட்டை என்போம். அந்த இறுதி ஆட்டத்தில் தண்ணீர் இடைவேளையில் நேராக என்னிடம் வந்தாள். கட்டின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவினாள். "விரிசலா?" என்றாள். "போடி, போய்ப் பந்தைப் போடு" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பந்தும் என் கால் விரலுக்கு நேராக, பேட்டின் அடிநுனியில் இடிக்கிற மாதிரி வந்தது. இடித்தால் அதிர்ச்சி எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். தொண்ணூற்று நாலில் பேட் இரண்டாகிவிட்டது. பிடி என் கையில், பலகை போய் ஸ்டம்பில், நான் அவுட். அவள் வேகத்தில்தான் உடைந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் டீமில் பத்துப் பேர் கட்டைப் பார்த்தார்கள், அவள் ஒருத்தி விரிசலைப் பார்த்தாள். தன் டீமில்கூட யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் காலத்தில் ஆடிய யாரையும் கேட்டுப் பார், முதல் பேராக அவளைத்தான் சொல்வார்கள். உன் பெட்டியில் அவளுக்கு ஒரு சீட்டும் விழுந்திருக்காது. இப்போது ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள் என்று கேள்வி.

போர்டில் ராக்கெட் பேரே இருக்கட்டும். ஏஜென்சிக்குக் கையெழுத்துப் போடு.
தங்கை

ஜூன் 18

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணி தண்ணீருக்குள் நடக்கப் போகிறாள். கூட்டத்தோடு கும்மாளம், திரும்பி வர மனசில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கணும்.

கடை திறந்தாயிற்று. நீ சொன்னதை நான் கேட்கவில்லை. திட்டுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

ராக்கெட் பத்து மணிக்கு வந்தான். தெரு அடைத்துவிட்டது. கூட்டம் தள்ளியதில் எதிர்க்கடை விளம்பரப் பலகை சாய்ந்தது, அதற்கும் கைதட்டினார்கள். ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் மூச்சு வாங்கட்டும் என்று அவனைக் குடோனுக்குக் கூட்டிப்போனேன். ரெப்பும் போர்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேட், விரிசல், பிளாஸ்திரி, நீ, நெட்டை.

ராக்கெட் தன் பையிலிருந்து பேட்டை எடுத்துக் கட்டைப் பார்த்தான். "அப்போ பத்து வருஷமா நல்லாருக்கற பேட்டுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேனா சார்?" என்றான்.

"ஆமா தம்பி."

"பிரிச்சா எனக்கு ஆட வராது!" என்று சிரித்தான். அப்புறம் நான் எதிர்பார்க்காததைக் கேட்டான். கட்டைப் பற்றி இல்லை. "அந்த நெட்டையம்மா எவ்வளவு வேகம் போடுவாங்க? காலுக்கு நேரா வர்றதை உங்க தங்கச்சி எப்படி ஆடினாங்க, முன்னால வந்தா, உள்ள நின்னா?" எனக்கு என்ன தெரியும், நான் வந்து பார்த்திருந்தால்தானே? தெரியாது என்றேன்.

நானும் பதிலுக்குக் கேட்டேன், உன் மனசில் பெரிய ஆள் யார் என்று. மகாராஜா என்பான் என்று நினைத்தேன். யாரோ ஒரு பவுலர் பேர் சொன்னான். நான் கேள்விப்பட்டதே இல்லை. "அவர் ஓடி வரும்போது ஹெல்மெட் பட்டையை ரெண்டு தடவை இழுத்துப் பாப்பேன் சார்" என்றான். ரெப்பும் அந்தப் பேரைக் கேட்டதில்லை, முழித்தான்.

ரெப் போர்டைப் பிரிக்கப் போனான். நான் வேண்டாம் என்றேன். "ஏஜென்சி போயிடும் சார், யோசிங்க" என்றான். யோசித்தேன். வியாபாரியாகத்தான் யோசித்தேன். ராக்கெட் பேர் அவன் ஆடுகிறவரைக்கும், அதற்கு மேல் மூன்று வருஷம். கடையை நான் அதைவிட நீளமாக நடத்தணும். அதோடு, அந்தப் போர்டுக்குக் கீழே தினமும் படியேறி இறங்க என்னால் முடியாது.

மைக்கில் சொல்லிவிட்டேன். "இந்தக் கட்டு வந்தது, நான் தெரிஞ்சே என் தங்கச்சிக்குக் குடுத்த விரிசல் பேட்லேருந்து" என்று. பின்னாலிருந்து ஒருத்தன், "அண்ணே, எனக்குப் போன மாசம் குடுத்த பேட் எப்படி?" என்று கத்தினான். தெருவே சிரித்தது. அப்புறம் ராக்கெட்டோடு படம் எடுக்கத் தள்ளுமுள்ளு. நீ யார், நெட்டை யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் ரெப் கொண்டுவந்த டேப் முழுக்க மத்தியானத்துக்குள் விற்றுவிட்டது! காரணம் தெரிந்த பிறகும் வாங்குகிறார்கள். இந்தக் கூட்டத்தை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

ஏஜென்சி எதிர்க்கடைக்குப் போய்விட்டது. இங்கே வருகிறவர்கள் இப்போது பேட்டைக் காதில் வைத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். நானே ரப்பரைச் சுருட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஒரு பேட்டுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

சுவரில் பத்துப் படம் மாட்டிவிட்டேன், ராக்கெட் நடுவில்தான், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னதை நான் மாற்றமுடியாது. பதினோராவதுக்கு நெட்டையம்மாவைத் தேடி, படம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் சரக்கு விற்கிற மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன்.

அண்ணன்

ஜூலை 11

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்து, மூன்று ஆசிரியர்கள் கைமாறி எனக்குக் கிடைத்தது. நீங்களும் குடும்பமும் நலமாக இருப்பீர்கள். எனக்கு முதுகு கொஞ்சம் தகராறு, மற்றபடி குறை இல்லை. பஸ்ஸில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். வேகம் போதாது என்று தினமும் சண்டை.

போட்டோ கேட்டிருந்தீர்கள். நான் பந்து போடுகிற போட்டோ இல்லை. அப்போது யாரும் எடுக்கவில்லை. டிரைவிங் லைசென்ஸில் இருப்பதுதான், அதை மாட்டினால் உங்கள் கடைக்கு ஆள் வராது.

உங்கள் தங்கை தொண்ணூற்று நாலு என்று சொன்னாளா? தொண்ணூற்று மூன்று. ஒரு ரன் பேட்டில் படாமல் கால் பேடில் பட்டுப் போனது, அம்பயர் கவனிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இதைச் சொல்ல ஆள் தேடுகிறேன்.

இன்னொரு திருத்தம். தடவிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தடவினால் என்ன தெரியும், பிளாஸ்திரிதான் தெரியும். எனக்குச் சும்மா ஒரு சந்தேகம். "விரிசலா?" என்று கேட்டேன், அவள் முகம் மாறியது. முகத்தைப் பார்த்துத்தான் பந்து போட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் போட்டேன்.

ஜாம்பவான் என்றெல்லாம் எழுதியிருப்பதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு மட்டும் அவர் பாத்திரம் கழுவினார்.

அவள் நன்றாக ஆடுவாள், ஐயா. உடைந்த பேட்டை வைத்துக்கொண்டு என்னை ஆடியவள் வேறு யாரும் இல்லை. நல்ல பேட்டோடு எப்படி ஆடுவாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாது. ஆறு பந்து போதும். முதுகு அதற்குத் தாங்கும்.

இப்படிக்கு,
நெட்டை

ஜூலை 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கடிதமும், உன்னுடையதும் நெட்டை உனக்கு எழுதியதும், கிடைத்தன. மைக்கில் சொன்னதைப் படித்துவிட்டு அவர் உன்னைப் பைத்தியம் என்றார், பிறகு உனக்காக ஒரு கேக் சாப்பிட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றா? பச்சைப் பொய். உன் அம்பயரைக் கேள்.

இருபது நாள் லீவு கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் ஏழாம் தேதி வருகிறேன். வந்த ஞாயிற்றுக்கிழமையே மைதானம் வேண்டும் என்று சொல்லிவை. பேட்டை நீ எடுத்துவைக்காதே. கடைக்கு வந்து நானே ரப்பரைச் சுருட்டிப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன். நீ கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்கு வா. முன்னால் வந்து ஆடுவதா உள்ளே நின்று ஆடுவதா என்று அந்தத் தம்பி கேட்டதற்கு அங்கே பார்த்துவிட்டுப் பதில் சொல்.

போட்டோக்காரர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வா. அவள் ஓடிவந்து பந்தைக் கையிலிருந்து விடுகிற நேரத்தில் எடுக்கணும். நான் அவுட் ஆனால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டு. ஆகவில்லை என்றால் எடுத்து எனக்குக் கொடு.

தங்கை